எவர்க்குக் கீழ்ப்படிதல்?

கிறிஸ்தவ சமயத்தார் விசுவாசத்தைப் போற்றுவர், நம்பிக்கையைப் போற்றுவர், அன்பை அவ்விரண்டினும் மேலாகப் போற்றுவர். இம்மூன்றும் உள்ளத்தில் நிகழ்வன. அவை மெய்யோ பொய்யோ என்று ஊரார் அறிதற்கு ஒரு வாயிலே உண்டு. அஃது இறைவன் ஏவலுக்குக் கீழ்ப்படிந்து நடத்தல். பலி கொடுப்பதற்கென்று ஆடுமாடுகளை உயிரோடு வைத்துக்கொண்ட சவுல் அரசனைச் சாமுவேல் என்னும் முதிய தீர்க்கதரிசி கடிந்துகொண்ட வரலாறு பழைய ஏற்பாட்டிலே வருகிறது. காணிக்கை பெரிதன்று, சொன்ன சொல்லைக் கேட்டதே பெரிது என்பது அம்முதியவர் கருத்து. இதில் எச்சபையாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வேற்றுமையெல்லாம் அடுத்த கேள்வியில் எழுகிறது. இறைவனுடைய ஏவல் இன்னதென்று சொல்ல வல்லவர் யார்? பாதிரியாரா, அரசாங்கமா, எஜமானனா, குலத்து வழக்கமா?

சொல்லின் பிறப்பைச் சற்று நோக்குதல் நலம். எபிரேய மொழியில் இதற்கெனத் தனிச் சொல் இல்லை; 'கேள்' என்னும் வினையே இப்பொருளையும் தாங்கி நிற்கிறது. கிரேக்கச் சொல்லும் இலத்தீன் சொல்லும் செவியால் கேட்டலை அடியாகக் கொண்டு பிறந்தவையே. தமிழிலோ கீழ் என்பதும் படிதல் என்பதும் சேர்ந்து இச்சொல் ஆயிற்று. ஒருவர் சொல்லை நிமிர்ந்து நின்றும் கேட்கலாம். கீழே படிந்துகொண்டு நிமிர்ந்து நிற்றல் எவராலும் ஆகாது. வேதத்தை மொழிபெயர்த்த பெரியோரைக் குறை கூறுதல் எமது நோக்கமன்று. நாட்டில் வழங்கிய சொல்லை அவர்கள் எடுத்து ஆண்டார்கள். ஆனால் அந்நாட்டிலே கீழ் எது, மேல் எது என்பது சுவிசேஷம் கப்பலேறி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே கோடு கிழித்து வைக்கப்பட்டிருந்தது. இறைவனுக்குக் கீழ்ப்படிதலும் மேற்குலத்தானுக்குக் கீழ்ப்படிதலும் ஒரே சொல்லுக்குள் ஒண்டுக்குடி இருக்க நேர்ந்தது. இவ்விரண்டையும் பிரித்தெடுக்கத் தமிழ்க் கிறிஸ்தவர்க்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டு பிடித்தது. முற்றும் பிரித்து முடித்துவிட்டார்கள் என்று சொல்வதற்கும் இல்லை.

இவ்வரலாற்றைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தொடங்குதல் பொருந்தும். 1881-ஆம் ஆண்டில் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மரத்தையும் அத்தாப்பையும் விட்டுச் செங்கல்லால் நகரைக் கட்டுவதென்று முடிவாயிற்று. அச்செங்கல் சுட்ட சூளைகளால் இவ்விடம் பெயர் பெற்றது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. ரயில்வேயை நம்பி யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழகத்துத் தொழிலாளரும் இங்கே குடியேறினர். அவர்களுள் கிறிஸ்தவர் பலர். அமெரிக்க மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்று வந்த யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் மெதடிஸ்டுச் சபையோடு சேர்ந்தனர். தஞ்சாவூர், தரங்கம்பாடி, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து வந்த லுத்தரன் சபையார் தங்களுக்கெனத் தனிக்கோயில் வேண்டினர். அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் எழுப்பிய சீயோன் ஆலயம் 1924-ஆம் ஆண்டுக்குரியது. கிள்ளானில் தூய லூர்து மாதா ஆலயம் எழும்பியது 1928-இல்.

சீயோன் ஆலயத்தார் அப்பொழுது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பிள்ளைகள். அத்திருச்சபை 1919-இல் அமைந்தது. அதற்குத் தாய் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன். அம்மிஷனுக்கு மூத்தது தரங்கம்பாடியில் டென்மார்க்கு அரசன் நிறுவிய மிஷன். ஆகவே ரயில்வே குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மணியடித்தபோது உள்ளே சென்று அமர்ந்த மக்கள் 1706-ஆம் ஆண்டுவரை நீளும் ஒரு பரம்பரையைச் சுமந்துகொண்டே அமர்ந்தனர். அப்பரம்பரையில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு.

பெருமையை முதலில் சொல்லுவோம். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு அப்பொழுது வயது 24. அரசன் அனுப்பியவர் அவர். ஆயினும் அரசனுடைய கோட்டைத் தலைவனே அவருக்கு முதற்பகைவன் ஆனான். கம்பெனி வாணிகத்துக்கு வந்தது. ஏழைகளின் வழக்கை எடுத்துப் பேசும் பாதிரி அதற்கு இடையூறு. ஏழை விதவை ஒருத்திக்காக அவர் பரிந்து பேசியது பூசலுக்கு ஒரு காரணமாயிற்று. 1708-இன் இறுதியில் தலைவன் அவரைச் சிறையிலிட்டான். ஏறக்குறைய 4 மாதம் உள்ளே இருந்தார். லுத்தரன் சபையார் அரசாங்கத்துக்கு அடங்கி நடக்கப் பெயர் போனவர்கள்; பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரம் அவர்களுக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட சபையின் இந்தியக் கிளை தன் முதல் ஊழியனைத் தன் அரசாங்கத்தின் சிறையிலே கண்டது. ஆட்சியாளர் பேதுருவை நோக்கி இனி அப்பெயரால் பேசாதே என்று தடுத்தபோது, மனிதரைக் காட்டிலும் இறைவன் சொல்லே தமக்குப் பெரிதென்று அவர் விடையிறுத்தார் அன்றோ? அவ்விடையின் நிழல் தரங்கம்பாடிக் கோட்டைச் சுவரில் விழுந்தது. தமிழர் செவிக்கு இது புதிய ஓசையன்று. பல்லவ மன்னன் ஆள் விட்டு அழைத்தபோது செல்ல மறுத்த திருநாவுக்கரசர் வரலாற்றைப் பெரியபுராணம் பாடியிருக்கிறது. இறைவனுக்கு ஆட்பட்டவன் பிறனுக்கு ஆளாகான் என்னும் துணிவைச் சைவரும் அறிவர்.

இனி வெட்கத்துக்கு வருவோம்.

தஞ்சை மன்னர் படையில் இராஜநாயக்கர் என்று ஒருவர் இருந்தார். பறையர் குலத்தவர், கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். சீகன்பால்கு மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் ஒரு பகுதி அவர் கைக்கு வந்தது. படித்தார். படித்ததை விடமுடியவில்லை. 1720-களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையில் சேர்ந்து, சேவகத்தை விடுத்து உபதேசியார் ஆனார். மிஷனரிமார் எளிதிற் கால்வைக்க இயலாத தஞ்சை நாட்டில் அச்சபை வேரூன்றியதற்கு அவர் உழைப்பே பெருங்காரணம். பழைய சபையாரின் பகைக்கும் தாக்குதலுக்கும் அவரும் அவர் குடும்பத்தாரும் ஆளாயினர். கீழ்ப்படிதலுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமெனில் இதனினும் தெளிவாக ஒன்று அகப்படுதல் அரிது.

1733-ஆம் ஆண்டு மிஷன் ஒரு தமிழருக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது. அதுவரை இந்தியர் எவருக்கும் லுத்தரன் சபை அப்பட்டம் கொடுத்ததில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அதனைப் பெற்றவர் கடலூர் ஆரோன் ஐயர். முன்னாளில் ஆறுமுகம் பிள்ளை. நல்லவர், உழைப்பாளி, தகுதியுடையவர். அவர்மேல் எமக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இராஜநாயக்கர் பட்டம் பெறாததற்குக் காரணம் அறிவின்மையோ ஒழுக்கக் குறைவோ அன்று. மேற்குலத்துக் கிறிஸ்தவர் அவர் கையிலிருந்து இராப்போஜனம் வாங்கமாட்டார்கள், தங்கள் வீட்டுக்குள் அவரை விடமாட்டார்கள் என்று மிஷனரிமாரே கருதினர். அவரைப் பெரிதும் மதித்தவர்களும் அவர்களே. மதிப்பு ஒரு பக்கம். பட்டம் வேறு பக்கம்.

இங்கே கீழ்ப்படிந்தவர் யார், எவர்க்குக் கீழ்ப்படிந்தார் என்று கேட்டல் வேண்டும். இராஜநாயக்கர் இறைவனுக்குக் கீழ்ப்படிந்தார். மிஷனரிமார் ஊர் வழக்குக்குக் கீழ்ப்படிந்தனர். கோட்டைத் தலைவனுக்கு அஞ்சாத மிஷன் பந்தியில் உட்காருவோரின் முகச்சுளிப்புக்கு அஞ்சியது. அந்தியோகியாவிலே புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யெருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் மெல்ல விலகிக்கொண்டதும், பவுல் அவரை எல்லார் முன்னும் முகத்துக்கு நேரே கண்டித்ததும் கலாத்தியர் நிருபத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆட்சிச் சபையின் முன் அஞ்சாத பேதுரு சோற்றுப் பந்தியில் அஞ்சினார்! தரங்கம்பாடி மிஷனரிமார் இவ்வதிகாரத்தை அறியாதவர் அல்லர். அதனைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தவர்களே அவர்கள்தாம்.

நூறு ஆண்டு சென்றது. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் அத்தியட்சர் தானியேல் வில்சன் தென்னாட்டுச் சபைகளுக்கு ஓர் ஆணை விடுத்தார். சபைக்குள் சாதி வேறுபாடு அறவே ஒழியவேண்டும், தாமதமின்றி ஒழியவேண்டும் என்பது அதன் சாரம். அதுவரை தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் இரு பிரிவார் தனித்தனி இடத்தில் அமர்வர். இராப்போஜனத்தில் மேற்குலத்தார் முன்னும் ஏனையோர் பின்னும் வருவர். ஆணை வாசிக்கப்பட்டதும் பலர் கோயிலை விட்டே வெளியேறினர்.

வெளியேறியவர் பக்கம் நின்று வாதாடியவர்களுள் தலைசிறந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்சு ஐயரின் மாணாக்கர். சரபோஜி மன்னரின் தோழர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய பெரும்புலவர். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தமிழ்க் கிறிஸ்தவர் வீடுகளில் ஒலிக்கின்றன. அவர் கட்சியை எள்ளி நகையாடுதல் எளிது, நியாயம் அன்று. நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளையர் எங்கள் குடும்ப வழக்கங்களைக் கட்டளையால் மாற்றுவதா? அவர்கள் ஊரில் பிரபுவும் வண்டியோட்டியும் ஒரே மேசையில் உண்பார்களா? சுவார்ட்சு பெருமான் பொறுத்துக்கொண்டதை இவர்கள் பொறுக்கமாட்டாமை ஏன்? இத்தகைய கேள்விகளில் கூர்மை உண்டு. இறைவன் கட்டளை என்னும் பெயரால் வெள்ளைப் பாதிரிமார் தங்கள் அதிகாரத்தை நாட்டுகிறார்கள் என்னும் ஐயமும் முற்றும் பொய்யன்று.

ஆனாலும் யாம் சாஸ்திரியார் பக்கம் நிற்க ஒருப்படோம். அவர் வில்சனை நோக்கி எழுப்பிய கேள்வி, ஒரே பாத்திரத்தில் பருகத் தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் அவரை நோக்கி எழுப்பக்கூடிய கேள்விக்கு விடையாகாது. வெள்ளையனுடைய செருக்கைச் சுட்டிக்காட்டுதல் தன் செருக்கைக் காத்துக்கொள்ளும் உரிமையைத் தாராது. இரு சாராரும் இறைவனுக்கே கீழ்ப்படிவதாகச் சொன்னார்கள். அவ்வாதத்தில் ஒதுக்கப்பட்டவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி ஒரு சொல் கேட்டவர் அரியர்.

வெளியேறியோர்க்குப் புகலிடம் விரைவில் கிடைத்தது. 1840-இல் கோர்டெஸ் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்து பழைய லுத்தரன் பணியை மீண்டும் தொடங்கினார். அவரை அனுப்பிய டிரெஸ்டன் மிஷனே 1848-இல் லைப்சிக்குக்குப் பெயர்ந்து அப்பெயர் பெற்றது. அதன் தலைவர் கிரவுல் பெரும்புலமையாளர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர். சாதி என்பது சமயத்தைச் சாராத சமூக அமைப்பு, அதனைச் சட்டத்தால் வெட்டாமல் சுவிசேஷம் காலப்போக்கில் கரைக்குமாறு விட்டுவிடவேண்டும் என்பது அவர் கொள்கை. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் செய்தபோது லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. தமிழை அவ்வளவு நேசித்த ஒருவர் தமிழ்நாட்டின் நோயையும் சேர்த்து நேசித்துவிட்டாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. அம்மிஷனுக்குள்ளேயே ஓக்ஸ் என்னும் பாதிரியார் இதற்கு இணங்காமல் பிரிந்து, மேல்பட்டாம்பாக்கத்துக்கு அருகே தனிப் பணி தொடங்கி, 1860-களில் டென்மார்க்கு மிஷனோடு சேர்ந்தார். மேலிடத்துக்குக் கீழ்ப்படியாமையே அவருடைய கீழ்ப்படிதல் ஆயிற்று.

கத்தோலிக்கர் இதில் மேம்பட்டவர் என்று எவரும் கருதவேண்டா. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில் இரண்டு கிளையாகப் பிரிந்து பலிபீடத்தில் கூடுவது, நடுவிலே சுவர், ஒருபுறம் வேளாளர், மறுபுறம் நாடார் முதலியோர். சுவர் நாற்பது ஆண்டளவு நின்றது. குருவானவர் அதனை இடித்தபோது வேளாளர் கோர்ட்டுக்குச் சென்றனர். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறித் தோற்றது.

இத்தனை மூட்டையையும் தலையிற் சுமந்துகொண்டுதான் தமிழ்க் கிறிஸ்தவர் கடல் கடந்து கிள்ளான் பள்ளத்தாக்கை அடைந்தனர். கப்பலின் மேல்தளத்தில் சாதிவாரியாக இடம் பிரித்துக்கொள்ள வசதி குறைவு. ஆனால் கடல் சாதியைக் கரைத்துவிட்டது என்பவர் தோட்டத்து லயங்களைப் பார்த்தறியார். கங்காணி தன் ஊரிலும் தன் உறவிலும் ஆள் பிடித்தான். ஆகவே ஊரும் உறவும் வரிசை பிசகாமல் வந்து இறங்கின. பல தோட்டங்களில் ஆதி திராவிடர்க்கு லயம் வேறு. 1931-ஆம் ஆண்டுக் கணக்கின்படி மலாயாவில் இந்தியர் 6 இலட்சத்துக்கு மேல், பெரும்பாலோர் தமிழர், அவர்களுள் பெரும்பகுதியார் தோட்டங்களில் உழைத்தவர். 1929-இன் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து பேசியபோது அவ்வளவு கூட்டம் கூடியது காரணமின்றி அன்று.

இங்கே கீழ்ப்படிதலுக்கு மூன்றாவது உரிமையாளன் ஒருவன் தோன்றினான்: துரை. பழைய நாட்டில் குலத்தலைவனுக்குச் செய்த வணக்கம் புதிய நாட்டில் தோட்டத் துரைக்குச் சேர்ந்தது. பவுல் அடிமைகளுக்கு எழுதிய அறிவுரை எஜமானர்க்கு மிக இனிப்பது. அடிமையே, எஜமானுக்கு அடங்கி நட என்னும் பகுதியை எந்தத் தோட்டத்துக் கூடத்திலும் தடையின்றி வாசிக்கலாம். அதை அடுத்து எஜமானை நோக்கி, உனக்கும் வானத்தில் ஓர் எஜமான் உண்டு, நியாயமாய் நட என்று வருவதை வாசிக்கத் தொண்டை சற்று அடைக்கும்.

1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை எண்ணுக. கிள்ளான் இந்தியர் சங்கத்து ஆர். எச். நாதன் அதனை முன்னின்று நடத்தினார். சீனத் தொழிலாளர்க்கு ஒத்த கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களுக்கு மானப் பாதுகாப்பு ஆகியன கோரிக்கைகள். அவற்றிடையே ஒன்று: துரைமாரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரையோ வழியிற் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும். அரைக்காசு செலவில்லாத கோரிக்கை இது! இதனைக் கொடுத்தால் துரைக்கு இலாபம் குறையாது. ஆயினும் படை வந்தது; துப்பாக்கி வெடித்தது; தொழிலாளர் சிலர் மாண்டனர்; நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். நாதன் கிறிஸ்தவர் அல்லர்; வேலைநிறுத்தம் செய்தோருள் பெரும்பாலோரும் அல்லர். ஆனால் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டேன் என்றவன், சொல்லைக் கேட்பது வேறு, கீழே படிவது வேறு என்பதை வேத சாஸ்திரிகளைவிடத் தெளிவாக அறிந்திருந்தான்.

அடுத்த ஆண்டே துரைமார் ஓடினர், ஜப்பானியர் வந்தனர். மேனாட்டு மிஷனரிமாருள் பலர் சிறை முகாம் புகுந்தனர். தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்தனர். ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தை மட்டும் அறிந்தவனுக்குப் புதிய அதிகாரியும் இறைவனால் ஏற்பட்டவனே! இவ்விடத்தில் சிலாங்கூரைவிட்டுப் பேராக்குக்குச் சற்றே செல்ல வாசகர் பொறுப்பாராக. ஏனெனில் இக்கேள்விக்கு மலாயாக் கிறிஸ்தவர் கொடுத்த விடைகளுள் மிக உறுதியானது அங்கே பாப்பான் என்னும் சிற்றூரிற் கிடைத்தது. சிபில் காத்திகேசு ஆசியக் கலப்பினத்து ஆங்கிலோ குடும்பத்தவர், இலங்கைத் தமிழ் மரபினரான டாக்டர் காத்திகேசுவின் மனைவி, மருத்துவச்சி, கத்தோலிக்கர். ஜப்பானியர் ஆணைக்கு மாறாக வானொலி கேட்டார்; காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு மருந்திட்டார். 1943-இல் கைதாகிக் கொடிய சித்திரவதைக்கு உள்ளானார். தம் பெண்குழந்தையைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீமூட்ட முற்பட்டபோதும் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. 1948-இல் அக்காயங்களின் விளைவாக மாண்டார். அந்த அம்மையார் அதிகாரத்துக்கு அடங்காதவர். அடங்காமைக்குரிய வலிமையைத் தம் செபத்திலிருந்து பெற்றவர்.

போர் முடிந்தது. லுத்தரன் சபையில் அத்தியட்சர் பீடம் 1921 முதல் சுவீடன் நாட்டார் கையில் இருந்துவந்தது. 1956-இல் ராஜா பூஷணம் மாணிக்கம் அதில் அமர்ந்தார். அப்பீடம் ஏறிய முதல் தமிழர் அவர். சீகன்பால்கு கரையேறி அவ்வாண்டோடு 250 ஆண்டு நிறைந்தது. ஆரோன் ஐயர் பட்டம் பெற்று 223 ஆண்டு. சில ஆண்டு கழித்து, 1960-களின் தொடக்கத்தில், மலாயா லுத்தரன் சபையார் தாய்ச்சபையினின்று பிரிந்து தன்னாட்சி பெற்றனர். பிரிக்பீல்ட்ஸ் சீயோன் அவர்களுடைய பேராலயம் ஆயிற்று. இரு சபையிலும் குருப்பட்டம் பெற்றோர் பெயர்ப்பட்டியல் ஆரோன் என்றே தொடங்கவேண்டும். இராஜநாயக்கர் நாற்பது ஆண்டுக்கு மேல் தஞ்சை நாட்டில் ஊழியம் செய்து, 1771-இல் உபதேசியாராகவே காலமானார்.